ஒத்திகை பார்த்த பதில்கள்

மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் தேர்வில் தோற்றதாகச் சரித்திரமே இல்லை. ஓட்டத் தெரியுமா என்பது வேறு விஷயம். தேர்வு மைதானத்தில் எந்தக் கம்பம் கண்ணாடியில் தெரிந்ததும் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும், எந்தக் கோட்டில் பிரேக்கை மிதிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதை அப்படியே உருப்போட வைத்து அனுப்பிவிடுவார். லைசன்ஸ் வாங்கிய மறுநாளே ஏதாவது சந்தில் மாட்டிக்கொண்டு, "மாஸ்டர், இங்க கம்பமே இல்லையே!" என்று போன் செய்தவர்கள் உண்டு. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வித்தையை மனிதர் பெற்ற மகளிடமும் காட்டிவிட்டார்.

வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர். ஒன்பது வயது. ஒன்றைச் சொன்னால் அது உள்ளே போய்ச் சேர நேரம் பிடிக்கும். நாலு பேர் ஒரே சமயத்தில் பேசினால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் வரிசையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் மறக்கவே மாட்டாள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு வகுப்பில் பக்கத்திலேயே ஒரு சிறப்பு ஆசிரியை இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொன்னால் ஆயிற்றா? கல்வி அலுவலகத்தின் படிகளைச் செருப்புத் தேய ஏறி இறங்கி, அந்த மிஸ்ஸை வாங்கிக் கொடுத்தவள் சிட்டுவின் அம்மா. மாஸ்டர் ஒரு நாள்கூட உடன் போகவில்லை. 'எம் பொண்ணுக்கு ஒரு குறையும் இல்ல' என்பது அவர் கட்சி.

சிறப்பு ஆசிரியை இன்னும் தேவைதானா என்று பார்க்க அவ்வப்போது மதிப்பீடு செய்வார்கள். போன தடவை மகளோடு உட்கார்ந்திருந்த மாஸ்டர், கேட்ட கேள்விகளையெல்லாம் தொழில் புத்தியோடு மனத்தில் வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை, மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போன சாயங்காலங்களில் அப்பாவும் மகளும் ரகசியமாக ஒத்திகை பார்த்தார்கள். மதிப்பீட்டன்று அதே கேள்விகள் அதே வரிசையில் வந்தன; சிட்டு டாண் டாண் என்று பதில் சொன்னாள். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பதில்கள் இப்போது தலைமையாசிரியையின் மேசைமேல் வந்து நின்றன.

"சந்தோஷப்பட வேண்டிய விஷயம் சார்," என்றார் தலைமையாசிரியை. "நல்லா முன்னேறியிருக்கா. இனிமே மிஸ் வேண்டியதில்ல, அவங்கள வேற ஸ்கூலுக்கு அனுப்பிடலாம். நீங்க ஒரு சம்மதக் கையெழுத்து போட்டா போதும்."

பேனாவை மூடி கழற்றி நீட்டினார். மாஸ்டர் வாங்கிக்கொண்டார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், பாவம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி விடவில்லை. "என்ன மேடம் சொல்றீங்க? போன வாரம் பெல் அடிச்சதுக்கே மேசைக்கடியில போனவ. இந்த மிஸ்தான் தானும் தரையில உட்கார்ந்து, மெதுவா வெளிய கூட்டிட்டு வந்தாங்க. அவங்க இல்லன்னா அன்னிக்குப் பூரா அங்கயேதான் இருந்திருப்பா. எங்க சம்மதம் இல்லாம அவங்கள எடுக்க முடியாது. திரும்ப மதிப்பீடு கேக்கவும் எங்களுக்கு உரிமை இருக்கு."

"இருக்கும்மா, யார் இல்லன்னா? ஆனா மேல காரணம் கேப்பாங்களே. எல்லாத்துக்கும் சரியா பதில் சொல்லியிருக்கா. நான் என்னன்னு எழுத?"

தலைமையாசிரியையும் பொல்லாதவர் இல்லை. ஒரு சிறப்பு ஆசிரியைக்கு எத்தனையோ பள்ளிக்கூடங்கள் அடித்துக்கொள்கின்றன. அந்த ஆசிரியையோ கதவோரம் வாயைத் திறக்காமல் நின்றார். பேசினால், தன் வேலைக்காகப் பேசுவதாகிவிடும்.

"நீங்களாவது சொல்லுங்களேன்," என்று மனைவி மாஸ்டர் பக்கம் திரும்பினாள். அவள் குரல் உடைந்திருந்தது.

மாஸ்டர் மகளைப் பார்த்தார். ஓரத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். இரைச்சல் நிறைந்த வகுப்பில், மேசைக்கடியில், காதைப் பொத்திக்கொண்டு, கூப்பிட யாரும் வராமல் அவள் உட்கார்ந்திருப்பது அவர் கண்முன் வந்தது.

"நான்தான் மேடம் சொல்லிக் கொடுத்தேன்."

"நல்லதுதானே சார்?"

"அப்படி இல்ல. கேள்வியும் நான்தான், பதிலும் நான்தான். வரிசை மாறாம உருப்போட வெச்சேன்."

மனைவி அவரைப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"நம்ப முடியலையே," என்றார் தலைமையாசிரியை.

அப்படியென்றால் காட்டித்தான் ஆக வேண்டும். பெற்ற பிள்ளைக்குத் தெரியாது என்பதை அவள் வாயாலேயே, அத்தனை பேர் முன்னால் சொல்ல வைக்க வேண்டும். மாஸ்டர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"சிட்டு, இங்க வாடா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. சாயங்கால விளையாட்டல்லவா! ஓடி வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மாஸ்டர் கேள்விகளின் வரிசையை மாற்றினார். "கடைத்தெருவுல தொலைஞ்சு போயிட்டா என்ன செய்வே?"

"குடை எடுத்துப்பேன்!"

"மழை வந்தா?"

"சோப்பு போட்டுக் கழுவுவேன்!"

"கை அழுக்கா இருந்தா?"

"போலீஸ்கிட்ட அப்பா நம்பர் சொல்வேன்!"

சொல்லி முடித்ததும் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். இந்த இடத்தில் அப்பா கைதட்டுவார், அதுதான் வழக்கம். மாஸ்டர் தட்டினார். வேறென்ன செய்வார்? அந்த அறையில் அவர் கைதட்டல் மட்டும் கேட்டது. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை.

தலைமையாசிரியை மேசைமேலிருந்த சம்மதத் தாளை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். "மறு மதிப்பீட்டுக்கு எழுதிடறேன். அதுவரைக்கும் மிஸ் இவகூடத்தான் இருப்பாங்க," என்றார். மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு தலைமையாசிரியை எழுந்து வந்து, குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "சிட்டு, ஒத்திகை எல்லாம் வேண்டாம்மா. நெஜமாவே தொலைஞ்சு போயிட்டா என்ன செய்வே?"

மாஸ்டர் வாயெடுத்தார். பேச வேண்டாம் என்று மிஸ் கதவோரத்திலிருந்தே கை காட்டினார். சிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

"அங்கேயே நிப்பேன். அப்பா வருவாரு."

"அப்பா வரலன்னா?"

சிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கிருந்து பதில் வரும் என்று கொஞ்ச நேரம் பொறுமையாக நின்றாள். வரவில்லை.

"அத அப்பா இன்னும் சொல்லித் தரல," என்றாள்.