கடைசியாக ஏற்றும் பெட்டி

பீரோவுக்கு வேறு பெயர் உண்டு. அது அடையாள அட்டையில் இருக்கிறது. இருபத்தைந்து வயதில், மாடிப்படியில் இறக்கும்போது கயிறு அறுந்த ஓர் இரும்பு பீரோவை முதுகாலேயே தாங்கிப் பிடித்து, கீழே நின்ற இரண்டு பேரை நசுங்காமல் காப்பாற்றினான். அன்றிலிருந்து கட்டிய மனைவி உட்பட எல்லோருக்கும் பீரோதான். முதுகெலும்பு அன்று வாங்கிய அடியை இப்போதும் குனியும்போதெல்லாம் சொல்லிக் காட்டும்.

வீடு மாற்றிக் கொடுப்பது அவன் தொழில். ஐந்து ஆட்கள், ஒரு லாரி, கூலி பேசுவதற்கு ஒரு மேஸ்திரி. தட்டுகளைப் படுக்கப் போடாமல் நிறுத்தி அடுக்க வேண்டும், புத்தகத்தைச் சின்னப் பெட்டியில்தான் போட வேண்டும், கட்டிலின் திருகாணிகளைப் பழைய காலுறையில் போட்டு அந்தக் கட்டிலின் காலிலேயே கட்டிவிட வேண்டும். இதெல்லாம் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை; உடைத்து, திட்டு வாங்கித் தெரிந்துகொண்டது. அவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீடாக இருந்தாலும் ஒரு பெட்டியில் கூட்டல் குறி போட்டிருக்கும். போன இடத்தில் முதலில் தேவைப்படுகிற சாமான்கள் அதற்குள் இருக்கும்: ஒரு பாத்திரம், நாலு டம்ளர், தீப்பெட்டி, சோப்பு, பல்பு, மாத்திரை. லாரியில் அதைக் கடைசியாக ஏற்றி, முதலில் இறக்குவார்கள்.

தொற்று வந்த இரண்டாவது மாதம், வாடகை பாக்கிக்காக யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. பீரோவின் தலைக்கு மேல் கூரை நின்றது அந்த உத்தரவால்தான். வேலை போனதும் அதே உத்தரவால்தான். ஊரில் ஒருத்தரும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லையென்றால் வீடு மாற்றுகிறவனுக்கு என்ன வேலை இருக்கும்? மேஸ்திரி போனில் சொன்னார்: “உன் வீட்டைக் காப்பாத்தின கையாலயே உன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டாங்கடா.”

மனைவி ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை செய்தாள். நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைக் கொதிநீரில் போட்டு எடுக்கிற வேலை. அந்தச் சம்பளம் மூன்று வயிற்றுக்குச் சரியாக இருந்தது. மூன்றாவது வயிறு எட்டு வயது மகளுடையது. வாடகைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஐந்து மாதம் பாக்கி ஏறியது. பஸ் ஓடாத காலம். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம், கால் மணி நேரம். இந்த விலைக்கு ஆஸ்பத்திரிப் பக்கத்தில் வேறு வீடு கிடையாது. வீடு போனால் அவள் வேலையும் போகும். இது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவசர வாடகை உதவி என்று ஒரு திட்டம் வந்தது. பாக்கியை அரசே நேராக வீட்டுக்காரரின் கணக்கில் கட்டிவிடும். வருமானம் நின்றிருக்க வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும், விண்ணப்பித்தவர் அதே வீட்டில் தொடர்ந்து குடியிருக்க வேண்டும். ஆய்வாளர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட எழுத்தர். வாடகையில்தான் அவர் வீட்டிலும் அடுப்பெரிந்தது. படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முப்பதாம் தேதியோடு உத்தரவு முடிகிறது, அதற்குள் பணம் வந்தால் இருக்கலாம், வராவிட்டால் அதற்கப்புறம் தன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டாம் என்றார்.

முதல் மாடித் தையல்காரரையும் விண்ணப்பம் போடச் சொன்னாள் பீரோவின் மனைவி. அவர் அப்போது முகக்கவசம் தைத்து நாலு காசு பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பாக்கியை இன்னும் இரண்டு மாதத்தில் அடைத்துவிடுவேன், கை நீட்டி வாங்கிப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்.

விண்ணப்பம் போட்ட மறுநாள் பீரோ வீட்டுச் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நீதிமன்ற ஆள் முன்னிலையில் ஒரு வீட்டைக் காலி செய்து கொடுக்கிற வேலைக்குப் போயிருந்தான். யாரும் எதையும் கட்டி வைக்கவில்லை. சாமான்களைப் போர்வையில் அள்ளி அள்ளித் தெருவில் குவித்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. அந்த வீட்டுப் பெண் ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தேடி நாற்பது மூட்டைகளையும் நனைந்துகொண்டே அவிழ்த்தாள். கிடைக்கவில்லை. பீரோ அன்றைக்குக் கூலி வாங்கினான், சாப்பிட்டான், தூங்கினான். ஆனால் தன் வீட்டுச் சாமானை இன்னொருத்தன் போர்வையில் அள்ள விடுவதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டான்.

“பணம் வந்தா என்ன பண்ணுவ?” என்று மனைவி கேட்டாள்.

“வந்தா பிரிச்சுக்கலாம்.”

“வரலைன்னா?”

“அதுக்குத்தானே கட்டுறேன்.”

பதினேழு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் எண். சுவரோரமாகக் கனம் கீழே, லேசு மேலே என்று அடுக்கினான். கட்டிலைக் கழற்றி நிறுத்தினான். குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து கதவைக் கயிற்றால் கட்டினான். சுவரிலிருந்த ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளில் காகிதமும் சோப்பும் பிசைந்து அடைத்தான். முன்பணத்தில் பிடித்தம் செய்யாமலிருக்க அவர்கள் கூட்டம் எல்லா வீட்டிலும் செய்வதுதான். குடும்பம் பதினொரு நாள் கூட்டல் குறி போட்ட பெட்டியிலிருந்தே வாழ்ந்தது. ஒரு பாத்திரத்தில் சமைத்து, பாயில் படுத்தார்கள். மகள் ஒன்பதாம் எண் பெட்டியை மேசையாக்கி வீட்டுப்பாடம் எழுதினாள். மாடியேறிய தையல்காரர் வாசலில் நின்று பார்த்து, “என்ன பீரோ, வெளிநாடா? எங்களுக்கும் ஒரு டிக்கெட் போடு” என்றார்.

ஆய்வாளர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நடுத்தர வயதுப் பெண்; இரண்டு முகக்கவசம், கையில் அட்டை. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியவர் வாசலைத் தாண்டவில்லை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள்.

“எல்லாம் கட்டியாச்சு போல?” என்று கேட்டார்.

பீரோ கட்டிய பெட்டியை இதுவரை யாரும் வாய்விட்டுப் பாராட்டியதில்லை. இது பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

“பதினேழு பெட்டிங்க மேடம். ஒண்ணு உடையாது. லாரி வந்து நின்னா ஒரு மணி நேரத்துல ஏத்திடுவேன்.”

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். சுவரையும் பார்த்தார். ஓட்டை அடைத்ததையும் அவனே காட்டினான்.

இருபத்து நாலாம் தேதி செல்பேசியில் செய்தி வந்தது. விண்ணப்பதாரர் தாமாகவே வீட்டைக் காலி செய்யும் நிலையில் இருப்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மனைவி அதைச் சத்தமாகப் படித்தாள். பீரோ மறுபடி படிக்கச் சொன்னான். படித்தாள்.

“என்ன சொன்ன அந்தம்மாகிட்ட?”

சொன்னதை அப்படியே சொன்னான். அவள் பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு, “உன்னை வச்சுக்கிட்டு நான் ஊர் போய்ச் சேர்ந்த மாதிரிதான்” என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. அதைவிட அவள் திட்டியே இருக்கலாம் என்று அவன் நினைத்தான்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் நேராக அலுவலகத்துக்குப் போனாள். கையெல்லாம் சலவைக் காரத்தின் வாசனை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அதே ஆய்வாளர். மேல்முறையீட்டுக்கு வரிசை மூன்று மாதம் நீண்டிருக்கிறது என்றார் அவர். மறு ஆய்வு மட்டும் கேட்கலாம். இருபத்தாறாம் தேதிக்குள் நடந்தால்தான் இந்தப் பட்டியலில் பெயர் ஏறும்.

“என் புருஷன் வீடு மாத்துற ஆளுங்க மேடம். பயம் வந்தா கட்டி வச்சுடுவாரு. அவருக்கு வேற ஒண்ணும் தெரியாது.”

“எல்லாரும் ஒரு கதை சொல்றாங்கம்மா. எனக்குக் கதை எழுத இடமில்லை. பார்த்ததைத்தான் எழுதுவேன். நாளைக்குப் பதினொரு மணிக்கு வரேன்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு மேஸ்திரியும் மூன்று ஆட்களும் வந்தார்கள். ஐந்து மாதமாகச் சுமை தூக்காதவர்கள். மூன்று மாடி ஏறியதிலேயே ஒருவன் உட்கார்ந்துவிட்டான். மேஸ்திரி பெட்டிகளைச் சுற்றிவந்து பார்த்தார்.

“ஒரே வீட்டுலேர்ந்து அதே வீட்டுக்கு மாத்துறது இதுதான் முதல் தடவை. லாரி வாடகை மிச்சம். கூலி யாரு தருவா?”

“வாடகைப் பணம் வரட்டும்” என்றான் பீரோ.

“அது வீட்டுக்காரருக்குப் போகும்டா. நீ கண்ணால கூடப் பார்க்க மாட்ட.”

“அப்ப எதுக்குக் கேக்குற?”

சிரித்துவிட்டு வேலையில் இறங்கினார்கள். எண் போட்டிருந்ததால் தேட வேண்டியதில்லை. காலுறையிலிருந்து திருகாணி வந்தது, கட்டில் நின்றது. அலமாரி, பாத்திரம், துணி, எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. சுத்தமான வேலை. பாத்திரங்கள் அளவு வாரியாக, துணிகள் மடிப்புக் கலையாமல், செருப்புகள் ஜோடி ஜோடியாக.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். “கடை மாதிரி இருக்கு” என்றாள். “இன்னிக்குக் குடிவந்த வீடுன்னு எழுதிட்டுப் போவாங்க.”

அது உண்மையாக இருந்தது. வீட்டை அடுக்கத் தெரிந்த ஐந்து ஆண்களுக்கு அதில் குடியிருக்கத் தெரியவில்லை. அவளே கையில் எடுத்தாள். அடுப்பைப் பற்றவைத்து வெங்காயம் வதக்கினாள். துணி துவைத்துச் சமையலறைக்குக் குறுக்கே கொடியில் போட்டாள். ஊறுகாய் பாட்டிலைத் திறந்தபடி வைத்தாள். மகளைக் கட்டில் மேல் புத்தகங்களைப் பரப்பச் சொன்னாள். அதற்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. சோப்பு அடைத்த ஓட்டைகளைக் காட்டி, ஆணி அடிக்கச் சொன்னாள். பழைய ஓட்டையில் ஆணி நிற்கவில்லை. பக்கத்தில் புது ஓட்டை போட்டார்கள். ஒன்பது ஆணிகள். மாத நாள்காட்டி, கண்ணாடி, பை, குடை எல்லாம் ஏறின. பெட்டிகளை மடக்கித் தட்டையாக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான் பீரோ.

ஆய்வாளர் பதினொன்று பத்துக்கு வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்தார். அடுப்பைப் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மூடினார். அது இன்னும் குளிர்ந்திருக்கவில்லை. ஆணிகளைப் பார்த்தார், கீழே உதிர்ந்து கிடந்த புதுச் சுண்ணாம்பையும் பார்த்தார்.

“பெட்டியெல்லாம் எங்கே?”

மனைவி பீரோவைப் பார்த்தாள். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டோம் என்று சொல்லச் சொல்லித்தான் வைத்திருந்தாள். அவன் குனிந்தான். முதுகைப் பிடித்துக்கொண்டே கட்டிலுக்கு அடியிலிருந்து பதினேழு அட்டைகளையும் இழுத்துப் போட்டான்.

“ஏன் தூக்கிப் போடலை?”

“தொழில் சாமானுங்க. நல்ல பெட்டி கிடைக்காது.”

“தொழில் நடக்குதா?”

“யாரும் வீடு மாத்தலையே மேடம். மாத்தக் கூடாதுன்னு உத்தரவு. அதனாலதான் வாடகை கட்ட முடியலை.”

ஆய்வாளர் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தபடி நின்றார். அட்டைகளில் ஒன்றில் பெரிய கூட்டல் குறி இருந்தது. அது என்ன என்று கேட்டார். பீரோ சொன்னான். மாத்திரை தேடிய பெண்ணைப் பற்றி அவன் சொல்லவில்லை. பெட்டிக்குள் என்னென்ன வைப்பார்கள் என்று மட்டும் சொன்னான். அவர் நாலு வரி எழுதினார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. போகும்போது மனைவியிடம், “அடுப்பை அணைங்கம்மா, கருகுது” என்றார்.

இருபத்தொன்பதாம் தேதி வீட்டுக்காரரின் கணக்கில் ஐந்து மாத வாடகை ஏறியது. மேஸ்திரி சொன்னது போலப் பீரோ அதைக் கண்ணால் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் ரசீது கொடுக்க மேலே வந்தார். கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, “இத்தனை ஆணியா அடிப்பீங்க?” என்று சத்தம் போட்டார். ஒன்றாம் தேதி விடிந்தால் மறுபடி வாடகை ஓடத் தொடங்கும். அந்த எண்ணத்தில்தான் மனைவி ரசீதை மடித்தாள்.

முப்பதாம் தேதி உத்தரவு முடிந்தது. ஒன்றாம் தேதியே மேஸ்திரிக்குப் போன் மேல் போன் வந்தது. அந்த வாரத்தில் மட்டும் பதினொரு வீடு. பீரோவுக்கு ஐந்து மாதம் கழித்துக் கையில் கூலி வந்தது.

நாலாவது வீடு முதல் மாடி. முகக்கவசம் ஆலையிலிருந்து மலிவாக வரத் தொடங்கியதும் தையல்காரரிடம் வாங்க ஆளில்லை. அவர் விண்ணப்பம் போட்டபோது பட்டியல் மூடியிருந்தது. காலி செய்யச் சொல்லும் நீதிமன்ற ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் கூலி பேசியது மேஸ்திரியின் கூட்டத்தோடு.

“நீ போவியா?” என்று மனைவி கேட்டாள்.

“நான் போகலைன்னா இன்னொருத்தன் போர்வையில அள்ளுவான்.”

“கூலி?”

“வாங்குவேன்” என்றான்.

அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். படியிறங்கும்போது முதல் மாடிக் கதவு திறந்திருந்தது. அவள் உள்ளே பார்க்காமல் போனாள்.

பீரோ தன் பதினேழு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு இறங்கினான். தையல்காரர் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டு டிக்கெட் பேச்சு யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அல்லது எல்லோருக்கும் வந்தது. லாரி பத்து மணிக்கு. மற்றவர்கள் வருவதற்குள் பீரோ தட்டுகளைக் காகிதம் சுற்றி நிறுத்தி அடுக்கினான். மெஷினின் சக்கரத்தைக் கழற்றி, திருகாணியைக் காலுறையில் போட்டு மெஷினின் காலிலேயே கட்டினான். பழைய எண்களை அடித்துவிட்டுப் புது எண் எழுதினான். கூட்டல் குறி மட்டும் அப்படியே இருந்தது.

பத்தரை மணிக்கு வீடு காலியாகிவிட்டது. நீதிமன்ற ஆள் பூட்டை மாற்றிக்கொண்டிருந்தார். தெருவில் தையல்காரரின் மனைவி லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கணவருக்குச் சர்க்கரை மாத்திரை போடும் நேரம், எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியவில்லை.

பீரோ கடைசியாக ஏற்றிய பெட்டியைத் தட்டிக் காட்டினான்.

“இதுல இருக்குக்கா. மேலாகவே வச்சிருக்கேன். டம்ளரும் இருக்கு.”

அவள் அங்கேயே பெட்டியைத் திறந்து எடுத்தாள். தையல்காரர் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து மாத்திரையை விழுங்கினார். பீரோ பெட்டியை மறுபடி மூடி, கயிற்றை இறுக்கினான்.