வெறும் மரச்சட்டமும் அம்மா சொன்ன அர்த்தமும்

1

இந்தக் கதை அம்மாவின் வாயில் பிறந்தது. அவளைக் கேட்காமல்தான் எடுத்துக்கொண்டேன். அவளும் என்னைக் கேட்காமல்தான் ஊருக்குச் சொன்னாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காலையின் பொன்னிறக் கதிர்கள் ஓவியக்கூடத்தின் ஜன்னல் வழியே—"

(விட்டுவிட்டேன். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.)

2

அந்த அறையில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி, ஒரு வேலை. யாராவது கையை நீட்டினால் "தொடாதீங்க" என்று சொல்ல வேண்டும். இந்த வாரம் தொடுவதற்கும் ஒன்றுமில்லை. சுவரில் வெறும் மரச்சட்டம், அதன் கீழே ஒரு அட்டை.

மாட்டியவரை ஓவியர் என்கிறார்கள். அவர் வரைந்து யாரும் பார்த்ததில்லை. படம் இல்லாமல் அர்த்தம் மட்டும் தனியாக நிற்குமா என்று பார்க்கிறாராம்.*

"அக்கா, இதுக்கு என்ன அர்த்தம்னு யாராவது கேட்டா, உங்களுக்குத் தோணுறதச் சொல்லுங்க. அதையே அட்டையில எழுதிடறேன்."

"தப்பாச் சொல்லிட்டா?"

"தப்புன்னு ஒண்ணு இதுல கிடையாதுக்கா."

"அப்ப நீங்க எதுக்கு தம்பி?"

முதல் நாள் அட்டையில் அதையே எழுதி வைத்தார்.

* அவருக்குத் தாடி வைக்கலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். நிஜத்தில் இருக்கிறது. கதையில் வைத்தால் நம்பமாட்டீர்கள்.

3

இரண்டாம் நாள்: "முட்டி வலிக்குது." ஒருவர் கால்மணி நேரம் அதன் முன்னால் நின்று, "ரொம்ப ஆழம்" என்றாராம்.

மூன்றாம் நாள்: "அடுப்ப அணைச்சேனான்னு தெரியல." அதைப் படித்த ஒரு பெண் பாதியிலேயே வீட்டுக்கு ஓடினார். (இது கற்பனை. ஆனால் ஓடியிருப்பார்.)

நான்காம் நாள், அதாவது நேற்று, சாப்பாட்டு டப்பாவோடு போனேன். அட்டையில் இருந்தது:

"எம் பொண்ணு பள்ளிக்கூடத்த விட்டுட்டா. மெத்தைக்கு அடியில நோட்டு நோட்டா எழுதி வெக்கிறா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கா."

ஐந்து பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆறாவது ஆள்.

4

"ஏம்மா இப்படிப் பண்ணின?"

"கேட்டாங்க, சொன்னேன். உன் பேரச் சொல்லலையே."

"படிச்சியா?"

"ஏழாவது நோட்டு வரைக்கும்." டப்பாவைத் திறந்தாள். "அதுல வர்ற அம்மா ரொம்பக் கத்துறா."

(எட்டாவதில் அவளைக் கொஞ்சம் சாந்தமாக்கியிருக்கிறேன். சொல்லவில்லை.)

எங்கள் சண்டையைக் கேட்டு ஓவியர் வந்துவிட்டார். "நீதானாம்மா அது? அர்த்தம் வந்தாச்சு, படம்தான் பாக்கி. நீ எழுதினதுல ரெண்டு பக்கம் குடு, சட்டத்துக்குள்ள மாட்டிடறேன். நாளைக்குக் கடைசி நாள்."

எனக்கு வாய் எழவில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன அன்றும் இப்படித்தான். அடுத்த நாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

அம்மாவைப் பார்த்தேன்.

"அவகிட்டயே கேளுங்க தம்பி. இதுக்கு நான் பதில் சொல்லமாட்டேன்" என்றாள். நான்கு நாளில் அவள் வாய் மூடியது அப்போதுதான்.

5

முடிவு ஒன்று: பக்கங்களைக் கொடுத்தேன், கூடமே எழுந்து கைதட்ட— (அந்த அறையில் இருப்பது ஒரே நாற்காலி. யார் எழுவது?)

முடிவு இரண்டு: நோட்டுகளை எல்லாம் கொளுத்திவிட்டு— (அம்மா இன்னும் எட்டாவதைப் படிக்கவில்லை.)

மூன்றாவதை எழுத நேரமில்லை. இந்தப் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். கூடம் திறக்கப் பத்து நிமிஷம் இருக்கிறது.

நீங்கள் இதை உட்கார்ந்து படித்தால், நான் கொடுக்காமல் திரும்பிவிட்டேன்; நீங்கள் மெத்தையைத் தூக்கியிருக்கிறீர்கள். எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

நின்றுகொண்டு படித்தால், பக்கத்து நாற்காலியில் ஒருத்தி எங்கோ பார்ப்பதுபோல் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அர்த்தம் கேட்காதீர்கள். நன்றாக இருந்தால், அவள் காதில் விழும்படி சொல்லுங்கள்.