ஆறடி மேசை

தையல் மேசையின் மூடி மீது இன்ஷிரா சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். யாசீன் ஓதும் கிதாபுகள், பக்கத்து வீட்டிலிருந்து வந்த தேநீர்க் கோப்பைகள், தண்ணீர்ப் போத்தல்கள், உம்மாவின் மருந்துப் பெட்டி. வைக்க வேறு இடமில்லை என்றுதான் பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த மூடியை இன்றைக்கு யாரும் திறந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய நினைப்பு.

விடியற்காலை சுபஹுக்குப் பாங்கு சொல்லி முடிந்த சற்று நேரத்தில் உம்மா ஜெஸீமா மௌத்தாகிவிட்டாள். இப்போது ஒன்பது மணி. ஹோலில், ஜன்னலோரக் கட்டிலில், வெள்ளைத் துணிக்குக் கீழே கிடந்தாள். தாடையைச் சேர்த்துக் கட்டியவள் இன்ஷிராதான். அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது. ஆறு மாதமாகச் சேர்ந்து கிடந்த தூக்கம். உம்மா போய் நாலு மணி நேரத்தில் தனக்குத் தூக்கம் வருகிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. மாலை அஸருக்குப் பிறகு ஜமாலியா மையவாடியில் அடக்கம் என்று பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தாயிற்று. துறைமுகத்துப் பக்கம் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது.

ஆமினா உம்மா வந்தாள். ஊரில் பெண்கள் மௌத்தானால் குளிப்பாட்டுவதும் உடுத்தக் கபன் துணி வெட்டுவதும் அவள்தான். உம்மாவுக்குப் பெரியம்மா மகள் வேறு. கக்கத்தில் கபனுக்கான வெள்ளைப் புடவைச் சுருள், கையில் கத்தரிக்கோல். கட்டிலருகே நின்று துஆ ஓதினாள், உம்மாவின் நெற்றியைத் தொட்டாள், பிறகு நேராக மேசைப் பக்கம் திரும்பினாள்.

"சாமானெல்லாம் எடு மகள். மேசைய விரிக்கணும்."

"பாயில விரிப்பமே பெரியம்மா. புதுப் பாய் இரிக்கி, எடுத்துத் தாறன்."

"பாயா? என்ட முழங்காலப் பாத்துட்டுத்தான் கதைக்கிறியா? நான் இரிந்தா எழுப்ப ரெண்டு ஆள் வேணும்." ஆமினா உம்மா கத்தரிக்கோலைக் கதிரையில் வைத்தாள். "ஒங்கட உம்மா நோம்புக்கு முதலே சொல்லிப்போட்டா. 'ராத்தா, என்ட கபன நீங்க நிலத்தில குந்தி வெட்ட வேணாம். ஆறடி மேசை இரிக்கி. நிண்டுகொண்டு வெட்டுங்க' எண்டு. ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச மேசை. இண்டைக்கு விரிக்காம எண்டைக்கு விரிக்கிற?"

ஆறடி.

இன்ஷிரா கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரே தடவையில் நாலைந்தை எடுத்திருக்கலாம்.

உம்மா இருபத்தெட்டு வருடம் இந்த ஹோலில் தைத்தவள். தைப்பது மெஷினில், வெட்டுவது தரையில், பாயை விரித்து முழங்காலில் நின்று. மார்பில் வந்த நோய் முதுகெலும்புக்கு இறங்கியபோது குனிவது நின்றுபோனது. அப்போதுதான் கேட்டாள். "ஊராக்களுக்கெல்லாம் வீடு கீறுறாய். எனக்கொரு மேசை கீறித் தா."

உட்துறைமுக வீதியில் ஒரு அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைவது இன்ஷிராவின் வேலை. மேசை அவளுக்குப் பெரிய காரியமாகப் படவில்லை. உம்மா படுத்தபடியே கட்டளைகள் போட்டாள். மெஷின் தலை மேசை வயிற்றுக்குள் இறங்க வேண்டும். மூடினால் சாதாரண மேசை மாதிரி இருக்க வேண்டும். மூடி இரண்டாக மடிந்திருந்து, விரித்தால் இடது பக்கம் நீள வேண்டும். நீண்டால் ஆறடி வர வேண்டும்.

அந்த ஆறடியில்தான் எல்லாம் சிக்கியது. ஹோல் பத்தடிக்கு ஒன்பதடி. ஒரு பக்கம் உம்மாவின் கட்டில். கதவு உள்ளே திறக்கும். கதவு திறக்கும் வழியை வரைபடத்தில் கால் வட்டமாகக் கீறுவார்கள். எப்படிப் போட்டாலும் ஆறடி மேசை அந்தக் கால் வட்டத்தை வெட்டிக்கொண்டு நின்றது.

"இஞ்ச பாருங்க உம்மா. விரிச்சா கதவு பாதிதான் திறக்கும்."

"பாதி திறந்தாப் போதும். நாம என்ன யானையா வளக்கிறம்?"

பதினொரு தடவை கீறினாள். ஒவ்வொரு தடவையும் உம்மா தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, விரலால் சாண் வைத்து, திருப்பித் தந்தாள். ஒருநாள் அலுவலகம், பிறகு ஆஸ்பத்திரியில் மருந்துக்கு வரிசை, பிறகு பஸ், பிறகு சோறு, பிறகு உம்மாவின் உடம்பைத் துடைத்துப் புரட்டிப் படுக்கவைத்தது. எல்லாம் முடிந்து குசினியில் அடுப்போரம் உட்கார்ந்து பன்னிரண்டாவதைக் கீறினாள். இரண்டே கால் அடியில் இரண்டு பலகை. விரித்தால் நாலரை அடி. கட்டிலும் இருக்கும், கதவும் திறக்கும். அந்தக் கோட்டின் மேல் 'ஆறடி' என்று எழுதினாள்.

வீடு கீறும்போது அவள் அரை அங்குலம் பொய் எழுதியதில்லை.

மரவேலை செய்யும் ஓடாவி அஞ்சலோவுக்கு வேறொரு தாளில் சரியான அளவைக் கொடுத்தாள். உம்மா எழும்பி அளக்கவா போகிறாள்? அபாயா வெட்டத்தானே ஆறடி கேட்கிறாள், இனி அபாயா வெட்டவா போகிறாள்? இப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். எதற்கு ஆறடி என்று உம்மாவிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மேசை வந்தது. உம்மா முதுகுக்குத் தலையணை கொடுத்து ஒரு நாளைக்கு அரை மணி நேரம் அதில் தைத்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "மகள் கீறின மேசை. ஆறடி" என்றாள். அதைச் சொல்லும்போதெல்லாம் இன்ஷிராவுக்குக் குசினியில் ஏதாவது வேலை இருந்தது. உம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? நாலு மாதம் இந்தக் கேள்வியோடு சோறு ஊட்டினாள், மருந்து கொடுத்தாள். கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். இனிக் கேட்க முடியாது.

கடைசிப் போத்தலையும் எடுத்தாயிற்று. ஆமினா உம்மா மூடியைப் பிடித்து விரித்தாள். பலகை இடது பக்கம் மடிந்து இறங்கி, கீழே சுழன்று வந்த காலில் உட்கார்ந்தது. அதோடு முடிந்தது மேசை. நாலரை அடி. கட்டிலில் கிடப்பவளின் தோள் வரைக்கும்கூடச் சரியாகக் காணாது.

இன்ஷிரா காத்திருந்தாள். ஹோலில் யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் கிதாபிலிருந்து தலை தூக்குவார்கள் என்று நினைத்தாள்.

ஆமினா உம்மா விளிம்பைக் கையால் தடவினாள். "பலகை எங்க?"

"என்ன பலகை பெரியம்மா?"

"அதுதான் மகள், உம்மாக்குச் சோறு வைக்கிற பலகை."

இன்ஷிராவுக்கு விளங்கவில்லை. அந்தப் பலகை கட்டிலுக்குக் கீழே கிடந்தது. ஒன்றரை அடி இருக்கும். உம்மாவின் மடியில் வைத்து, அதன் மேல் தட்டை வைப்பார்கள். நாலு மாதமாக ஒரு நாளைக்கு மூன்று தடவை அதைத் துடைத்தவள் அவள்தான். மேசை செய்து மிஞ்சிய துண்டு என்று வாப்பா சொல்லியிருந்தார்.

கதவுக்கு வெளியே நின்ற வாப்பாதான் உள்ளே வந்தார். ஜவாஹிர் என்று பேர். துறைமுகத்தில் கப்பல் கயிறு பிடித்து ஓய்வு பெற்றவர். பெண்கள் இருக்கிற இடத்தில் கூச்சத்தோடு குனிந்து பலகையை இழுத்தார். சாரத்தின் நுனியால் துடைத்தார். மெஷின் லாச்சியைத் திறந்து விரல் நீளத்தில் இரண்டு மர முளைகளை எடுத்தார். மேசையின் விளிம்பில் இரண்டு துளைகள் இருந்தன. அஞ்சலோ பிழையாகத் துளைத்துவிட்டான் என்று நினைத்து, பாவம் என்று, இன்ஷிரா அதைப் பற்றி அவனிடம் ஒன்றும் கேட்காமல் விட்டிருந்தாள். வாப்பா முளைகளை அந்தத் துளைகளில் செருகி, பலகையை வைத்து, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பலகை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது.

அவர் யாரையும் பார்க்காமல் வெளியே போனார். போகும்போது கதவு பலகையில் இடித்துப் பாதியில் நின்றது. பக்கவாட்டில் திரும்பித்தான் வெளியேற வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படித்தான் வந்தார்கள். "பக்கத்தால வாங்க புள்ள, ஜெஸீமாட மேசை விரிச்சிரிக்கி" என்று ஆமினா உம்மா ஒவ்வொருவருக்கும் சொன்னாள். உடம்பு பெருத்த ஒருத்தி வாசலில் தயங்கி நின்றபோது, "மூச்ச உள்ள இழுத்துக்கொண்டு வாங்க" என்றாள். யாசீன் ஓதிக்கொண்டிருந்த ஒரு குமர்ப் பெண் முக்காட்டால் வாயை மூடிச் சிரிப்பை அடக்கினாள்.

ஒரு துணிக் கீலத்தால் உம்மாவைத் தலையிலிருந்து கால் வரை அளந்து, அந்தக் கீலத்தை மேசையில் நீட்டினார்கள். கிட்டத்தட்ட மேசை அளவு. புடவையை விரித்தார்கள். மிஞ்சியது இரு பக்கமும் தொங்கியது.

"அந்த முனையப் பிடி மகள். இழுத்துப் பிடி. கோணலா வெட்டினா இவ எழும்பி வந்து ஏசுவா."

இன்ஷிரா பலகைப் பக்கத்து முனையைப் பிடித்தாள். இடுப்புக்கு ஒன்று, சட்டைக்கு ஒன்று, தலைக்கு ஒன்று, மேலே சுற்ற இரண்டு. ஓரம் அடிப்பதில்லை, மடித்துத் தைப்பதில்லை. சட்டைக்குக் கழுத்து மட்டும் ஒரு வெட்டு. கட்டுவதற்கும் அதே புடவையின் ஓரத்திலிருந்து கீலம் கிழித்தார்கள். மெஷின் இதற்கெல்லாம் கீழே, மூடிக்கு அடியில், தலை கவிழ்ந்து கிடந்தது. வெள்ளைப் புடவை மெல்லியது. பலகையில் தட்டு வைத்து வைத்துப் பதிந்த மஞ்சள் வட்டம் அதற்குள்ளால் தெரிந்தது. எவ்வளவு தேய்த்தும் போகாத வட்டம். இன்ஷிரா அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் புடவையை அழுத்திப் பிடித்தாள்.

ஆமினா உம்மா நின்றுகொண்டே வெட்டி முடித்தாள். இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து, "அல்லாஹ் அவட கபுற விசாலமாக்கட்டும். என்ட காலுக்கு ஒரு நோவும் இல்ல" என்றாள்.

குளிப்பாட்டத் தண்ணீர் நிரப்ப இன்ஷிரா பின் வளவுக்குப் போனாள். வாப்பா அங்கே வாளிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். அவள் குழாயைத் திறந்தாள். முதல் வாளி நிரம்பியது.

"ஒங்களுக்கு எப்ப தெரியும் வாப்பா?"

"மேசை வந்த அண்டைக்கே. நீ ஒபிசுக்குப் போன பிறகு, 'டேப்ப எடுங்க' எண்டா. மத்த முனையப் பிடிச்சது நான்தானே."

"என்ன சொன்னா?"

வாப்பா நிரம்பிய வாளியை நகர்த்தி அடுத்ததை வைத்தார். "ரெண்டு தரம் அளந்தா. பிறகு டேப்ப சுருட்டினா. 'புள்ள களைச்சுப் போச்சு' எண்டா. அஞ்சலோவ நீ இல்லாத நேரம் பாத்து வரச் சொன்னா."

"எனக்குச் சொல்லியிரிக்கலாமே."

"சொன்னா நீ திருப்பியும் கீறுவாய் எண்டா."

வாளி நிரம்பி வழிந்தது. இன்ஷிரா குழாயை மூடவில்லை. வாப்பாதான் குனிந்து மூடினார்.

அஸருக்குப் பிறகு உம்மாவைக் கொண்டுபோனார்கள். ஆண்கள் உம்மா கிடந்த சந்தூக்கைத் தோளில் ஏற்ற, மேசையின் பலகையை ஒரு நிமிடம் கழற்றி வழிவிட்டு, அவர்கள் வாசலைத் தாண்டியதும் ஆமினா உம்மாவே திருப்பி மாட்டினாள். கலிமாச் சத்தம் ஒழுங்கை முனையில் திரும்பி, வீதியின் இரைச்சலில் கலந்து, பிறகு கேட்கவில்லை. பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொருவராக எழும்பினார்கள். யாரோ சோற்றுச் சட்டியைக் குசினியில் வைத்து, சூடு ஆறுமுன் தின்னச் சொல்லிப் போனார்கள்.

எதிர்வீட்டு மதிலோரம் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த அஞ்சலோ அப்போதுதான் உள்ளே வந்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டிருந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் கட்டிலைப் பார்த்தான்.

"தங்கச்சி, மெத்தையக் காயப்போடணும் எண்டு ஆமினா உம்மா சொன்னவ. கட்டில எங்க வைக்க?"

"பின்னால, வளவில வைங்க அண்ணன்."

அவன் கட்டிலின் கால்களைக் கழற்றி, சட்டத்தை நிமிர்த்தி, பின்கதவால் கொண்டுபோனான். கட்டில் இருந்த இடத்தில் நிலம் நாலு சதுரமாக வேறு நிறத்தில் இருந்தது. திரும்பி வந்து மேசையருகே நின்றான். பலகைப் பொருத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான்.

"இத மடிச்சு வைக்கட்டா? வழிக்கு இடைஞ்சலா இரிக்கும்."

இன்ஷிரா மேசையைப் பிடித்தாள். மெஷின் பக்கம் கனம். அஞ்சலோ ஒன்றும் கேட்காமல் மற்றப் பக்கத்தைப் பிடித்தான். இருவருமாக அதைத் தூக்கி, விரித்தபடியே, ஜன்னலோரம், கட்டில் கிடந்த இடத்தில் வைத்தார்கள்.

அவன் போனான். சோற்றை எடுத்து வைக்க வேண்டும். வாப்பா மையவாடியிலிருந்து வந்ததும் சாப்பிடக் கொடுக்க வேண்டும். அவள் கதிரையை இழுத்துப் போட்டுப் பலகைப் பக்கம் உட்கார்ந்தாள். கண்ணை மூடினால் தூங்கிவிடுவாள் போலிருந்தது.

துறைமுகப் பக்கமிருந்து காற்று வந்தது. கதவு மெல்லத் திறந்தது. பாதி வரை வந்தது, பாதியைத் தாண்டியது, ஒன்றிலும் முட்டாமல் சுவர் வரை போய் நின்றது.