நர்ஸம்மா வைத்த பரீட்சை

நர்ஸம்மாவுக்கு ஊசி போடத் தெரியாது. நாலு மாத்திரைப் பெயர் சொல்லச் சொன்னால் திருதிருவென்று விழிப்பாள். பொழுதுபோக்குப் பூங்காவின் பேய் வீட்டில், ஆபரேஷன் அறைக் கதவுக்குப் பின்னால், சிவப்புச் சாயம் தெளித்த வெள்ளை உடுப்போடு பதுங்கி நின்று, வருகிறவர்கள் காதருகே "அடுத்தது யாரு?" என்று கேட்பதுதான் அவள் வேலை. அந்த ஒரு கேள்விக்குத்தான் சம்பளம். கேன்டீன்காரர் முதல் மேனேஜர் வரை எல்லோரும் நர்ஸம்மா என்றே கூப்பிட்டுப் பழகி, சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் மிச்சமிருந்தது.

வருஷக் கடைசி விடுமுறை வந்தால் பேய் வீட்டைச் சுருட்டிக் கட்டிவிட்டு, அதே கொட்டகையில் 'வெளிச்ச விழா' வைப்பார்கள். பஞ்சில் பனி, அட்டையில் வீடுகள், எங்கே திரும்பினாலும் பல்பு, ஓயாமல் ஒரே பாட்டு. அப்போது நர்ஸம்மா பனிக்கரடி பொம்மைக்குள் புகுந்துகொண்டு வருகிறவர்களோடு படம் எடுத்துக்கொள்வாள். இந்த வருஷம் மேனேஜருக்கு ஆசை பெருத்துவிட்டது. கொட்டகையை நடுவில் பலகை வைத்துத் தடுத்து, ஒரு பக்கம் பேய், மறுபக்கம் வெளிச்சம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் என்று போட்டுவிட்டார். கரடிக்குள் வேறு ஆளைப் போட்டு, நர்ஸம்மாவைப் பேய்ப் பக்கமே நிறுத்திவிட்டார்.

இரண்டிலும் குப்பை கொட்டியவள் என்பதால் நர்ஸம்மாவிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருந்தது. வெளிச்ச விழாவில் மனுஷர்களை நம்பக் கூடாது. படம் எடுக்கும்வரை தோளில் கை போட்டுப் பல்லைக் காட்டுகிறவர்கள், எடுத்து முடிந்ததும் "எல்லாம் உன்னாலதான்" என்று கடித்துக் குதறுவார்கள். கரடிக்குக் காது கேட்காது என்று அவர்களுக்கு நினைப்பு. பேய் வீட்டில் அந்த வேஷமெல்லாம் செல்லாது. ஒருவன் யார் கையைப் பிடிக்கிறான், யாரை முன்னால் தள்ளுகிறான், அதிலேயே அவன் லட்சணம் தெரிந்துவிடும். "இருட்டு பொய் சொல்லாது" என்பாள். கேட்டுக் கேட்டு அவள் அண்ணனுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அண்ணனுக்கு வேறு கவலை. தகப்பன் இல்லாத பெண் என்பதால் தங்கை மகளுக்கு வரன் தேடும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது. விழா தொடங்கிய புதிதில் ஒரு வங்கிக்காரப் பையனைக் கொண்டுவந்தார். குறை சொல்ல வழியில்லாத வரன். நர்ஸம்மா இலவச டிக்கெட் அனுப்பி அவனையும் அவன் அம்மாவையும் பூங்காவுக்கு வரவழைத்தாள். வெளிச்சப் பக்கம் அவன் தங்கம். வழி தவறி அழுத யாரோ ஒரு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு அதன் பெற்றோரைத் தேடி அலைந்தான். பேய்ப் பக்கம் வந்து, "அடுத்தது யாரு?" என்று காதில் விழுந்ததுதான் தாமதம், பெற்ற தாயைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டான். மறுநாளே நர்ஸம்மா வேண்டாம் என்றாள்.

"பேய்க்குப் பயந்தவனையெல்லாம் கழிச்சுக்கட்டினா, கடைசியில உன் பொண்ணை அந்தப் பேய்க்குத்தான் கட்டிவைக்கணும்," என்றார் அண்ணன். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்றாங்க. நீ ஒரே ஒரு உண்மையை வச்சுக்கிட்டு எல்லாத்தையும் கெடுக்கிறே."

"பயப்படட்டும் அண்ணா, யாரு வேண்டாம்னா? அடுத்தவங்களைத் தள்ளிவிடக் கூடாது. அவ்வளவுதான்."

இப்போது வந்திருப்பவன் லிஃப்ட் மெக்கானிக். மகளுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. போனை வைத்த பிறகும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதுதான் நர்ஸம்மாவுக்குக் கவலை. இவனும் தேறாவிட்டால் அவளிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் பெண்ணைக் கொடுக்க மனசு வரவில்லை. "எனக்கு இன்னைக்கு லீவு. நான் மாமா வீட்டுக்குப் போறேன், நீங்க ரெண்டு பேரும் போய்ச் சுத்திப் பாருங்க" என்று மகளிடம் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, முன்னாலேயே பூங்காவுக்கு வந்து சாயம் பூசிக்கொண்டாள். மகள் அந்தப் பேய் வீட்டுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. "உன்னை வீட்டுல பாக்கிறது போதாதா?" என்பாள்.

பலகை இடுக்கு வழியாக நர்ஸம்மா வெளிச்சப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். பையன் பஞ்சுமிட்டாய் வாங்கினான். மகள் அதில் பாதியைப் பிய்த்து அவன் வாயில் வைத்தாள். கரடியோடு படம் எடுத்துக்கொண்டார்கள், எடுத்த பிறகும் சிரித்துக்கொண்டே போனார்கள். பார்க்கக் கண் நிறைந்தது. உடனே நர்ஸம்மா தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். வெளிச்சத்தில் யார்தான் அழகில்லை?

கொஞ்ச நேரத்தில் இருவர் குரலும் ஆபரேஷன் அறைக்கு வெளியே கேட்டது. பையன்தான் முன்னால் வந்தான். மகளின் கை அவன் கைக்குள் பத்திரமாக இருந்தது.  கடவுளே, இவனாவது தேறட்டும் என்று வேண்டிக்கொண்டு, நர்ஸம்மா கதவை உதைத்துத் திறந்து பாய்ந்தாள்.

"அடுத்தது யாரு?"

"இவரு! இவரு!" என்று ஓர் அலறல் வந்தது. நர்ஸம்மா பெற்று வளர்த்த குரல்.

மகள் கையை உதறினாள். பையனின் முதுகில் இரண்டு கையையும் வைத்து ஒரே தள்ளு. அவன் "ஐயோ" என்று கத்திக்கொண்டு ஆபரேஷன் மேஜைமேல் குப்புற விழுந்தான். மேலே தொங்கிய ரப்பர் குடல் அவன் கழுத்தில் மாலையாக விழுந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் மகள் வெளிவாசல் பக்கம் பறந்துவிட்டாள். ஒற்றைச் செருப்பு மட்டும் தரையில் கிடந்தது.

பையன் மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். "அவ பத்திரமா வெளிய போயிட்டாளா?" என்று பேயிடம் கேட்டான்.

சொல்ல வேண்டிய பதில் நர்ஸம்மாவுக்குத் தெரியும். வங்கிக்காரனுக்கு எழுதிய அதே தீர்ப்பை மகளுக்கும் எழுத வேண்டும். தம்பி, இப்படியே திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடு என்று சொல்ல வேண்டும். ஆனால் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

"போயிட்டா தம்பி. தள்ளியெல்லாம் விட்டிருக்க மாட்டா, இருட்டுல கால் தடுக்கியிருக்கும்," என்றாள். சொன்னது போதாது என்று பட்டது. "தங்கமான பொண்ணு. சின்ன வயசுலேர்ந்தே இருட்டுன்னா ஆகாது. கரண்டு போச்சுன்னா என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டா."

"சரிங்க அத்தை," என்றான் பையன்.

குடலைக் கழற்றிப் பக்குவமாக மடித்து மேஜையில் வைத்தான். பூசியிருந்த சாயத்துக்குக் கீழே நர்ஸம்மாவின் முகம் காந்தியது.

"எப்படித் தெரியும்?"

"மாமா நேத்தே சொல்லிட்டாரு அத்தை. ஆபரேஷன் ரூம்ல நீங்க நிப்பீங்க, முன்னாடி போகணும், என்ன ஆனாலும் பொண்ணு கையை விட்டுடக் கூடாதுன்னு. நானும் விடல." முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். "தெரிஞ்சு வந்தும் கத்திட்டேன், அது வேற விஷயம். அவளுக்குத்தான் பாவம், யாரும் எதுவும் சொல்லல."

 கேள்வியை முன்பே வாங்கிக்கொண்டு வந்தவன் பாஸாகிவிட்டான். ஒன்றும் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டது நர்ஸம்மா பெற்றது. முதலில் அண்ணன்மேல் கோபம் வந்தது. அப்புறம் வெட்கம் வந்தது. இவன் கேட்ட மாத்திரத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டான், மகளும் உள்ளது உள்ளபடிதான் ஓடினாள். அந்த இருட்டில் பொய் சொன்னது நர்ஸம்மா ஒருத்திதான்.

நடைபாதையில் அடுத்த கூட்டத்தின் காலடிச் சத்தம் கேட்டது. நர்ஸம்மா குனிந்து செருப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"கிளம்புங்க மாப்பிள்ளை, வெளிய அவ தனியா நிப்பா," என்றாள். "நீங்கதான் அவளைத் தள்ளிவிட்டீங்கன்னு சொல்லுவா. ஆமான்னு சொல்லிடுங்க."