முன்பல் இல்லாத சீட்டி

சூறைக்குருவிக் கூட்டம் மேற்கு வானத்தை மறைத்துக்கொண்டு வந்து இறங்கியது. அறுவடைக்கு இரண்டே நாள் பாக்கி. மலைச்சரிவெங்கும் திராட்சை கனிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"சிரிலு, எந்திரிய்யா. குருவி வந்துருச்சு." ஹெட்விகா தகர டின்னைத் தட்டிக்கொண்டு ஓடினாள்.

சிரில் எழுந்தார், ஓடவில்லை. மிஹா செத்ததிலிருந்தே கணவர் இப்படித்தான் இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

மிஹாவும் சூறைக்குருவிதான், நம் மைனாவுக்குத் தம்பி முறை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து, அவித்த முட்டை ஊட்டி வளர்த்தார் சிரில். ஊரார் அந்த இனத்தை விரட்டத் தோட்டத்துக்குத் தோட்டம் கம்பம் நட்டுக் கடகடப்பான் வைப்பார்கள். காற்றடித்தால் மர இறக்கை சுழலும், சுத்தியல்கள் பலகையில் மொத்தும், அந்தச் சத்தத்தில் பேயும் ஓடும். சிரில் வீட்டிலோ கடகடப்பான் வெளியே, குருவி உள்ளே. "திருடனை வீட்டுல வச்சுக்கிட்டு வாசலைப் பூட்டுற ஆளு" என்று பக்கத்துத் தோட்டத்து வின்கோ சிரிப்பான்.

தோட்டத்திலிருந்து வீடு திரும்பும்போது சிரில் சீட்டியடிப்பார். இரண்டு நீட்டம், ஒரு வளைவு. முன்பல் விழுந்த பிறகு கடைசியில் 'ஸ்ஸ்' என்று காற்று ஒழுகும். மிஹா அந்த ஒழுகலையும் விடாமல் படித்துக்கொண்டது. போன கோடை முழுக்க முற்றத்துக் கூண்டிலிருந்து அது பதில் சீட்டி கொடுத்துக்கொண்டே இருந்தது. பனி உருகும் காலத்தில் செத்துப்போனது. அதன்பின் சிரில் வாயைக் குவிக்கவில்லை. அடித்துவிட்டுப் பதில் வராமல் நிற்பதற்கு அவருக்குத் தைரியமில்லை.

ஹெட்விகாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வியாழக்கிழமை பல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். "பல்லைக் கட்டினா மூஞ்சியாவது சிரிக்கும்."

சிரில் மெல்ல நடந்து கடைசி வரிசைக்கு வந்தார். காற்றே இல்லை, கடகடப்பான் தூங்கியது. அப்போது கேட்டது. இரண்டு நீட்டம், ஒரு வளைவு, 'ஸ்ஸ்'.

அவர் வேலிப்பக்கம் திரும்பினார். "டேய் வின்கோ, எழவு வீட்டுல வந்து விளையாடாத."

வேலிக்கு அந்தப்பக்கம் வின்கோ கன்னம் உப்ப நின்றான். "வாய் பூரா ரொட்டிண்ணே. இதுல எங்க சீட்டியடிக்க?"

மறுபடியும் கேட்டது, வாதுமை மரத்து உச்சியிலிருந்து. சிரில் அண்ணாந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது. கடகடப்பான் ஒருமுறை 'டக்' என்றது. கூட்டம் பாதி எழும்பியது.

அறுபது வயது மனிதர் இளவட்டம்போல் ஓடினார். கம்பத்து ஏணியில் தாவி ஏறி, மேல்சட்டையைக் கழற்றிச் சுத்தியல்களுக்கு நடுவே திணித்தார்.

"யோவ், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பழம் பூரா போகுது, இறங்கு," என்று கீழே நின்று கத்தினாள் ஹெட்விகா.

"பழம் அடுத்த வருசமும் காய்க்கும். டின்னைக் கீழ போடு, ஹெட்வி. கொஞ்சம் பேசாம இரு."

எழும்பிய குருவிகள் மறுபடி உட்கார்ந்தன. சிரில் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உதட்டைக் குவித்தார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் முறை சீட்டி வந்தது.

எங்கும் அமைதி. போச்சு என்று நினைத்தார். வாதுமை மரத்திலிருந்து ஒன்று பதில் சொன்னது. பிறகு வரிசை நடுவிலிருந்து இன்னொன்று. பிறகு வின்கோவின் கூரையிலிருந்து இரண்டு சேர்ந்து. எல்லாமே கடைசியில் பல்லில்லாமல் ஒழுகின.

ஹெட்விகா டின்னைக் கீழே வைத்தாள். "போன கோடையில கூண்டைச் சுத்திச் சுத்தி உக்காந்துச்சுங்களே, அதுங்கதான்யா. நம்ம மிஹா பள்ளிக்கூடமே நடத்தியிருக்கான்."

சிரில் ஏணிமேல் நின்று அழுதார். அழுகையோடு சிரிப்பும் வந்தது. மிஹா பேரி மரத்தடியில் மண்ணுக்குள் கிடப்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் பதில் வந்துவிட்டது. கடைசி வரிசைத் திராட்சை கண்ணெதிரே காலியாகிக்கொண்டிருந்தது, அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இறங்கி வந்ததும் முதல் வேலையாக மனைவியிடம் சொன்னார்: "டாக்டருக்கு போன் போட்டு, நான் வரலைன்னு சொல்லிடு."

"ஏன்யா?"

"பல்லைக் கட்டிக்கிட்டா இதுங்களுக்கு என்னை அடையாளம் தெரியாது."