பாட்டுக்கு நடுவே குப்பை வண்டி

கோக்ஹிங் ஸ்கூட்டர் மெக்கானிக். தைனான் நகரத்தில் கோயில் சந்துக்குள் கடை. எந்த வண்டியையும் ஓட வைத்துவிடுவான். ஆனால் வாலிபத்தில் பாதியில் விட்ட ஒரு பாட்டை மட்டும் அவனால் இன்றுவரை முடிக்க முடியவில்லை.

துறைமுகத்தில் நின்று காதலியை அழைக்கும் பழைய பாட்டு அது. ஊரில் அதைப் பாடாத வாய் கிடையாது. முதல் இரண்டு சரணத்தில் அலையும் நிலவும் வந்து போகும். கடைசிச் சரணத்தில்தான் என்னோடு வருவாயா என்று காதலன் கேட்பான். தான் விரும்பிய யூலானின் வீட்டு வாசலில் நின்று அன்று கோக்ஹிங் அதைப் பாடினான். இரண்டாம் சரணம் முடியும் நேரம், தெருமுனையில் குப்பை வண்டியின் கிணுகிணு மெட்டு கேட்டது. அந்த ஊரில் குப்பை மூட்டையைத் தெருவில் வைத்துவிட்டுப் போக முடியாது. வண்டி மெட்டு போட்டுக்கொண்டு வரும்போது அவரவர் ஓடிப்போய் வண்டிக்குள் எறிய வேண்டும். இரு, போட்டுட்டு வந்துடறேன் என்று யூலான் ஓடினாள். திரும்பி வந்தால் வாசலில் ஆள் இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, பயல் ஓடிப் போயிருந்தான்.

பிறகு இரண்டு வீட்டாரும் பேசிக் கல்யாணத்தை முடித்தார்கள். ஆனால் யூலான் விடுவாளா? சண்டை எதில் ஆரம்பித்தாலும் அங்கேதான் வந்து நிற்கும். நீ என்னைக் கேட்கவே இல்லையே, ரெண்டு நிமிஷம் நிக்க முடியாத ஆளு என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அவனுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும்.

அதனால் இந்த வருஷம் கோயில் விருந்தில் சந்துக்காரர்கள் யாராவது பாட வேண்டும் என்றதும் கோக்ஹிங் முந்திக்கொண்டான். பாட்டும் கீபோர்டும் அவனே. சாக்ஸபோனுக்கு டோஃபு இனிப்பு விற்கிற தியென்சாய். டிரம்ஸுக்கு சலூன்காரி பாவ்சியா. யூலானுக்குத் தெரியக் கூடாதென்று கடை ஷட்டரை இறக்கிவிட்டு ஒத்திகை.

தியென்சாய்க்கு அழுகை வேண்டும். கேட்கிறவன் கண்ணீர் அவன் சூப்பிலேயே விழணும் என்று இழுத்தான். விருந்துக்கு வந்தவனை அழவிட்டு அனுப்புவது பாவம், ஆட்டம் போட வைக்கிற சா-சா தாளம் போடு என்று பாவ்சியா குதித்தாள். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பாட்டு நொண்டியது. முதல் சரணம் அவனுக்கு, இரண்டாவது இவளுக்கு என்று கோக்ஹிங் பஞ்சாயத்து பண்ணினான். கடைசிச் சரணம்தான் பிடிபடவில்லை. எப்படி வாசித்தாலும் அதற்குள் நுழைய அவனுக்குத் தைரியம் வரவில்லை. கீபோர்டில் ஒவ்வொரு ஒலியாக மாற்றிப் பார்த்தான். மணி ஒலி வந்ததும் விரல் தானாக ஒரு மெட்டை வாசித்தது.

வெளியே தடதடவென்று ஓட்டம். ஷட்டரைத் தூக்கினால் சந்தே குப்பை மூட்டையும் கையுமாக நிற்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த மீன்கடைக்காரி வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். நல்லவேளை, யூலான் வேலைக்குப் போயிருந்தாள்.

பாவ்சியா சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது. கோக்ஹிங் சிரிக்கவில்லை. "இதேதான். ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் இதை வைக்கிறோம்."

"உனக்கென்ன பைத்தியமாய்யா? மொத்தப் பந்தியும் எழுந்து ஓடும்," என்றான் தியென்சாய்.

"ஓடட்டும். இந்தத் தடவை நான் ஓட மாட்டேன்."

விருந்தன்று பந்தல் நிரம்பி வழிந்தது. பாட்டு எதுவென்று தெரிந்ததும் யூலான் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். முதல் சரணத்தில் ஒன்றிரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். இரண்டாவதில் மீன்கடைக்காரியே தோளைக் குலுக்கினாள். பிறகு கோக்ஹிங் மணி மெட்டை வாசித்தான்.

தியென்சாய் வாக்கு பலித்தது. நாற்காலிகள் சாய, வாயில் இறாலோடு ஓடினார்கள். அவர்களோடு யூலானும் ஓடினாள். அவள் மட்டும் புரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று மனக்கணக்குப் போட்டிருந்தான். அவமானமாக இருந்தது. மேடையை விட்டு இறங்கிவிடலாமா என்று கால் பரபரத்தது. பாவ்சியா டிரம்ஸ் குச்சியால் முதுகில் ஒரு குத்து விட்டாள். அவன் நின்றான். அந்த மெட்டையே திரும்பத் திரும்ப வாசித்தான். தெருவில் வண்டியைக் காணாதவர்கள் சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் வந்து உட்கார்ந்தார்கள்.

எல்லோருக்கும் கடைசியாக யூலான் வந்தாள். கையில் வீட்டுக் குப்பை மூட்டை. நேராக மேடைக்குக் கீழே வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

"வண்டியைக் காணோம்," என்றாள்.

"தெரியும்."

"நீ இன்னும் இங்கயேதான் நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

யூலான் மூட்டையைத் தரையில் வைத்தாள். "அப்ப மிச்சத்தையும் பாடு. கேட்கிறேன்."