தானாக ஒட்டும் ஜெல்

காரைக்குடிக் கல்லூரி ஆய்வகத்தில் விசாலிக்கும் ஹரீஷுக்கும் சேர்த்து ஒரே மேசை. அவன் அவளுக்கு மூத்த ஆய்வு மாணவன். அம்மோனியா புட்டியை ஒருநாளும் சரியாக மூடாதவன். அந்த நாற்றத்தில் அவளுக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். "வீட்டுல சோத்துப் பானையையாவது மூடுவீகளாண்ணே?" என்று கேட்டுப் பார்த்தாள். சிரித்தான். கடைசியில் பேராசிரியர் கார்த்திகேய சிவத்திடம் புகார் சொல்லி, அவனைப் புட்டியோடு மாடி அறைக்கு அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

அந்த மேசையில்தான் அவளுடைய நீல ஜெல் பிறந்தது. செம்பு உப்பில் செய்தது. வேறு உலோக அயனி கலந்த நீர் ஒரு சொட்டு பட்டால் இளகி ஓடிவிடும். ஆனால் கத்தியால் வெட்டி, துண்டுகளைச் சேர்த்து வைத்தால் தழும்புகூடத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். சூடு வேண்டாம், பசை வேண்டாம், யார் தயவும் வேண்டாம். 'தானாக ஒட்டும் ஜெல்' என்று ஆய்வுக்குத் தலைப்பு வைத்ததில் அவளுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அவளும் அப்படித்தான், யாரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லை.

ஹரீஷ் போன பிறகு ஜெல் ஒட்டவில்லை. புதிதாகச் செய்தாள், அதுவும் ஒட்டவில்லை. மறுநாள் ஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் கண்முன் வெட்டி ஒட்டிக் காட்டாவிட்டால் இத்தனை வருட உழைப்பும் ஆற்றில் கரைத்த புளிதான்.

மேசையில் என்ன குறைகிறது என்று யோசித்தவளுக்கு, அந்த நாற்றம்தான் குறைகிறது என்று உறைத்தது. வெட்டிய துண்டுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் சேர்த்து வைத்து, பக்கத்தில் சிறிது அம்மோனியா வைத்து மூடினாள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் துண்டுகள் ஒன்றாகியிருந்தன. சந்தோஷம் வரவில்லை, அவமானமாக இருந்தது. துரத்திவிட்டவனின் தயவில் அல்லவா இத்தனை நாள் ஒட்டியிருக்கிறது!

மாடியேறிப் போய் ஹரீஷிடம் சொன்னாள். கேலி செய்வான் என்று நினைத்தாள். அவன் பதறிப்போனான்.

"தலைப்ப மாத்தணும்னா இன்னொரு வருசம் இழுத்துருவாகளே விசாலி. நாளைக்கு நான் ஓரமா புட்டியத் தெறந்து வச்சுட்டு நிக்கிறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

விசாலிக்கு ஆசையாகத்தான் இருந்தது. இன்னொரு வருடம் என்றால் வீட்டில் என்ன பேச்சு விழும் என்பதும் தெரியும்.

"கட்டாயம் வாங்கண்ணே," என்றாள். "ஆனா ஓரமா நிக்காதீக. மேசை நடுவுல, எல்லாரும் பாக்குற மாதிரி வைங்க."